பரணில் கிடக்கும் லேப்டாப்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பரண்களில் இன்றும் கவர்மெண்டு லேப்டாப்புகள் தூங்குகின்றன. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். "ரிப்பேராப் போச்சு" என்று தூக்கிப் போட்டவற்றை நான் கழற்றிப் பார்த்தபோது பெரும்பாலும் கெட்டிருந்தது ஹார்ட் டிஸ்க் மட்டுமே.

மேலூர் அக்கா மகளுடையதும் அப்படித்தான். "மாமா, ஆன் பண்ணா டிக் டிக்குன்னு சத்தம் வருது, அப்புறம் அப்படியே நின்னுருது" என்றாள். அதில் அவளுடைய கல்லூரி புராஜெக்ட் இருந்தது. அவள் அம்மாச்சி, அதாவது என் அம்மா, தாலாட்டுப் பாடிய வீடியோவும் இருந்தது. அம்மா இப்போது இல்லை.

லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதைத் தொடாமல், நானோமீட்டர் கணக்கில் உயரே மிதந்தபடி படிக்கிறது ஹெட். படிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தொடக்க இடத்துக்கே போய் வருவதுதான் அந்த டிக் டிக். பேட்டரி செத்த லேப்டாப்பை ஒயரிலேயே ஓட்டுகிறோம்; கரண்ட் போகும்போதெல்லாம் ஹெட் வெடுக்கென்று ஒதுங்க வேண்டியிருக்கிறது. 2012-இல் மணிக்கணக்கில் கரண்ட் போனதே, அந்தக் காலத்தை இந்த டிஸ்க்குகள் தாண்டி வந்திருக்கின்றன.

சத்தம் கேட்டதும் அணைத்து அணைத்துப் போடுவதுதான் பெரிய கேடு. ஒவ்வொரு முறையும் தட்டில் கீறல் விழலாம். டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக் டிஸ்க்கையும் ஓட்டக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, திரும்பச் செய்யவே முடியாததை முதலில் காப்பி எடுக்க வேண்டும். தாலாட்டை முதலில் எடுத்தோம், முழுசாக வந்தது. புராஜெக்ட் பாதியில் நின்றுவிட்டது. அதை அவள் மறுபடி எழுதிக்கொண்டாள்.

கெட்ட டிஸ்க்கை மாற்றுவது சின்ன வேலை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியைத் திறந்தால் டிஸ்க் தெரியும். மேலே நெம்பாமல், கனெக்டரை விட்டு விலகும் பக்கமாகத் தள்ள வேண்டும். சுற்றியுள்ள தகரச் சட்டத்தின் ஸ்க்ரூக்களைப் பத்திரமாக வைத்தால் புது எஸ்.எஸ்.டி.யை அதிலேயே பூட்டலாம், 2.5 இஞ்ச் சாட்டா வகை கச்சிதமாக உட்காரும். அதில் சுற்றுவதற்குத் தட்டே இல்லை. பென்டிரைவில் லேசான லினக்ஸ் எடுத்துப் போட்டோம். 2 ஜி.பி. ராமிலேயே படிப்பு வேலைக்குத் தாராளமாக ஓடுகிறது.

உங்கள் பரணிலும் ஒன்று இருந்தால் இறக்கிப் பாருங்கள். டிக் டிக் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, காப்பிக்கு வழி பாருங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை அப்படியே காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் படங்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன.