பல உரைகற்கள்

பொன்னின் தரத்தை உரைகல் காட்டும். மென்பொருளின் தரத்தைக் காட்டுவது எது? எழுதியவரின் கணினியில் பிழையின்றி இயங்கிவிட்டால் போதுமா? போதாது என்பதே திறந்த மூல மென்பொருள் உலகம் பட்டறிந்து பெற்ற பாடம்.

மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினியின் செயலி நேரடியாக அறியாது. நிரல்பெயர்ப்பி என்னும் மென்பொருள் அதனை அச்செயலிக்குரிய இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிறது. மேசைக்கணினிகள் பலவற்றில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் செயலிகள் உள்ளன. திறன்பேசிகளில் ஏஆர்எம் வகைச் செயலிகளே மிகுதி. வங்கிகள் பயன்படுத்தும் ஐபிஎம் பெருங்கணினிகளின் செயலி வேறொரு வகை. மூலநிரல் ஒன்றே, அது வாழ வேண்டிய வீடுகளோ பல.

1993ஆம் ஆண்டு இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் இவ்வேறுபாட்டை எதிர்கொள்ளும் முறை போற்றத்தக்கது. தன்னார்வலர்களின் உழைப்பால் வளரும் இவ்வியக்க அமைப்பின் 12ஆம் பதிப்பு, 2023ஆம் ஆண்டில் 9 வகைக் கட்டமைப்புகளுக்கு வெளியானது. ஒருவர் தம் மூலநிரலை அனுப்பியதும், ஒவ்வொரு வகைக்கும் உரிய கணினிகள் தாமாகவே அதனைப் பெறுகின்றன. இயங்கும் வடிவமாகக் கட்டுகின்றன. உடன் வந்த சோதனைகளையும் இயக்குகின்றன. நிகழ்ந்தவை யாவும் எவரும் படிக்கக்கூடிய பதிவுகளாகின்றன.

செயலி மாறினால் விடை ஏன் மாற வேண்டும்? 1 என்னும் எண்ணை நான்கு பைட்டுகளில் எழுதுவதாகக் கொள்வோம். ஐபிஎம் பெருங்கணினி மதிப்பில் பெரிய பைட்டை முதலில் வைக்கும். இன்டெல் செயலி சிறிய பைட்டை முதலில் வைக்கும். ஒன்று எழுதியதை மற்றொன்று வரிசையைக் கருதாமல் படித்தால், 1 என்பது 1,67,77,216 ஆகிவிடும். வங்கிக் கணக்கில் இது நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதனினும் நுட்பமான பிழையும் உண்டு. சி மொழியில், கோப்பிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது, கோப்பு முடிந்ததற்கு அடையாளமாக -1 கிடைக்கும். நிரலர் ஒருவர் அதனை ஒரு பைட்டு அளவேயுள்ள ‘சார்’ வகை மாறியில் இடுகிறார். இன்டெல் கணினியில் அம்மாறி குறை எண்ணை ஏற்கும். நிரல் முறையாக நிற்கும். லினக்ஸ் இயங்கும் ஏஆர்எம் கணினியிலோ அது குறை எண்ணை ஏற்பதில்லை. -1 என்பது 255 ஆகிறது. முடிவின் அடையாளத்தைக் காணாத நிரல் நில்லாது சுழல்கிறது.

குற்றம் ஏஆர்எம் செயலியினுடையதா? அன்று. இன்டெல் கணினியிலும் அந்நிரல் பிழையுடையதே. கோப்பின் நடுவில் 255 என்னும் மதிப்புள்ள பைட்டு வந்தால், அங்கே அது -1 ஆகத் தோன்றும். கோப்பு முடிந்ததென மயங்கி நிரல் பாதியிலேயே நின்றுவிடும். எஞ்சிய தரவு படிக்கப்படாமலே போகும். எச்சரிக்கையும் எழாது. முதல் கணினி மறைத்து வைத்த பிழையை இரண்டாம் கணினி வெளிப்படுத்தியது, அவ்வளவே.

சிலரே பயன்படுத்தும் கணினிக்காக இத்தனை உழைப்பு வேண்டுமா என்னும் வினா எழுவது இயல்பு. தன்னார்வலரின் நேரம் அளவற்றதன்று. சில பழைய வகைகளை டெபியன் கைவிட்டதும் உண்டு. ஆயினும், அச்சிலருக்காகச் செய்த சோதனை பலருடைய கணினியில் உறங்கிய பிழையையும் களைகிறது. பல வகைக் கணினிகளில் திருந்திய நிரல் புதியதொரு செயலிக்கும் எளிதில் இசையும். 2025ஆம் ஆண்டில் ரிஸ்க்-ஃபைவ் என்னும் புதிய கட்டமைப்பு டெபியனின் 13ஆம் பதிப்பில் இடம்பெற்றபோது, பல ஆண்டுச் சோதனைகளில் தேறிய நிரல்கள் அதற்குக் காத்திருந்தன.

“என் கணினியில் இயங்குகிறது” என்பது நிரலரின் மனநிறைவு. தாம் காணாத கணினியிலும், அறியாத ஒருவரின் கையிலும் பிழையின்றி இயங்குவதே நிரலின் தகுதி.