ஹாரோவில் ஒரு பரப்பு

இங்கிலாந்தில் எட்டு அலாட்மென்ட் தோட்டங்களை விற்க அரசு அனுமதி கொடுத்துவிட்டதாக 2025 ஆகஸ்டில் செய்தி வந்தது. கவுன்சில் தன் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வீட்டுத் தேவைக்குக் காய்கறி போட்டுக்கொள்ளச் சனங்களுக்குச் சிறு வாடகைக்கு விடும் தோட்டங்கள் இவை. “செய்தியைக் கேட்டதிலிருந்து எங்கட அன்ரி சரியா நித்திரை கொள்ளேல்ல. ஒருக்கா வந்து கதையுங்கோ” என்று யாழ்ப்பாண நண்பர் ஒருவர் கூப்பிட்டார். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, வடமேற்கு லண்டனில் ஹாரோ பக்கம் அவரோடு போனேன்.

வேலிக் கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் துண்டு நிலங்கள். ஒரு குஜராத்திக் குடும்பம் வெந்தயக் கீரை அறுத்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த துண்டில் ஒரு அயர்லாந்துப் பெரியவர் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தார். கடைசித் துண்டு அன்ரியுடையது. எழுபதைத் தாண்டியவர், கம்பளிச் சட்டைக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தார்.

முழுத் துண்டு ஒன்றுக்குப் பத்து ‘போல்’ என்பது இங்கே பழைய கணக்கு. ஏறக்குறைய 250 சதுர மீட்டர். “கவுன்சில் கடிதத்தில அளவைப் பார்த்தவுடனே எனக்கு விளங்கிட்டுது தம்பி. சரியா ஒரு பரப்பு” என்றார் அன்ரி. யாழ்ப்பாணக் காணிக் கணக்கில் ஒரு பரப்பு பத்து பேர்ச். பேர்ச்சும் போலும் ஒரே அளவுதான். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்.

எரு மக்கவைக்கும் பெட்டிகளைப் பற்றி நெடுநேரம் விளக்கினார். எனக்கு மனம் முழுக்க அவர் கையிலிருந்த மண்வெட்டியில்தான் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் காலால் மிதித்து இறக்கும் நேரான மண்வாரி அல்ல அது. ஓங்கி வெட்டி, தன் பக்கம் இழுக்கும் நம் மண்வெட்டி. அன்ரியின் தம்பியார் பிடியைக் கழற்றி, இலையை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாராம். துரு தின்ற இரும்பில் அன்ரி விரலால் தடவிக் காட்டினார்: ஒரு முதலையின் வால். இலங்கையில் பேர்போன முதலை மார்க். வுல்வர்ஹாம்டனில் சில்லிங்டன் ஆலை செய்து குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் அனுப்பிய சரக்கு. “இவையள் செய்து எங்களுக்கு வித்தது. இஞ்ச ஒருத்தரும் பாவிக்கிறதில்ல” என்றபடி பூசணிக்கொடியைச் சுற்றி மண் அணைத்தார். நாலே இழுப்பில் பாத்தி வட்டமாக எழுந்தது.

அவருடைய ஊர் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. எட்டுப் பரப்புச் செம்பாட்டு மண். வெங்காயம், மிளகாய், புகையிலை. “தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாசம் வெளிக்கிட்டனாங்கள். அடுப்பில சோறு கிடந்தது. பின்னேரம் திரும்பி வரலாம் எண்டுதான் நினைச்சம்.” போரில் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. போர் முடிந்த பிறகு அந்தப் பக்கத்துக் காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். இன்னும் விடாதவையும் உண்டு. அன்ரியின் காணி விடாததில் சேர்த்தி. “உறுதி என்னட்ட இருக்கு. காணி ஆமியிட்ட இருக்கு.” சொல்லிவிட்டு மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

அப்படிப்பட்டவருக்கு இந்த ஒரு பரப்பு என்னவென்று அலாட்மென்ட் சட்டங்களைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. 1908 சட்டப்படி, தேவை இருந்தால் நிலம் ஒதுக்குவது கவுன்சிலின் கடமை. 1922 சட்டத்தின்படி இது குடும்பத்துக்கு விளைவிக்கும் இடம், வியாபாரத்துக்கு அல்ல. ஆகவே தரகனுக்கும் கமிஷன் மண்டிக்கும் இங்கே வேலையே இல்லை. நிலத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் பொதுவாக ஓராண்டுக்குக் குறையாத முன்னறிவிப்புத் தர வேண்டும். தொண்ணூறில் அன்ரிக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. அலாட்மென்டுக்கென்றே வாங்கிய நிலத்தை அமைச்சர் சம்மதமில்லாமல் விற்கக் கூடாது என்கிறது 1925 சட்டம். அந்தச் சம்மதம்தான் எட்டு இடங்களில் கிடைத்திருக்கிறது. கவுன்சிலிடம் காசில்லை, வீடு கட்ட நிலம் வேண்டும் என்கிறார்கள். வீடு வேண்டும்தான். ஆனால் ஏழை சமைக்கும் காய் விளையும் மண்தானா முதலில் கண்ணில் பட வேண்டும்? ஒருமுறை கான்கிரீட் விழுந்த மண் திரும்பத் தோட்டமாவதில்லை.

2025 கோடைதான் 1884 முதல் அதுவரை உள்ள பதிவுகளில் பிரிட்டனின் மிகச் சூடான கோடை. வெக்கையில் ரன்னர் பீன்ஸின் சிவப்புப் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்ததாம். பூசணியும் முளைக்கீரையும் ஊரில் போலத் தழைத்தன. ஏப்ரலில் ஜன்னலோரம் முளைக்கவைத்து, மே கடைசியில் பனிப் பயம் போனபின் வெளியே நட்டவை. அக்டோபரில் உறைபனி விழுந்தால் ஒரே இரவில் கருகிவிடும். கேல் கீரை மட்டும் நிற்கும்; பனி பட்டால் இனிப்புக் கூடும்.

வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சமைத்தார். தப்பிப் பிழைத்த பீன்ஸின் இரு ஓர நாரையும் உரித்துச் சரிவாக அரிந்தார். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் சேர்த்துத் தேங்காயின் இரண்டாம் பாலில் அவியவிட்டார். முதற்பால் ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கி, தேசிக்காய் பிழிந்தார். கேலைத் தூளாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வறை. பூசணிக்கொடியின் நுனியை நார் உரித்து அதிலேயே சேர்த்தார். குத்தரிசிச் சோற்றோடு சாப்பிட்டேன். கேல் இவ்வளவு ருசிக்கும் என்று லண்டனில் எந்தக் கடைச் சாப்பாடும் எனக்குச் சொன்னதில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். காத்திருப்புப் பட்டியல் நீளமென்று விட்டுவிடாதீர்கள், பெயரைக் கொடுங்கள். உங்கள் பகுதியில் தோட்டம் போதவில்லையென்றால் வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து எழுதுங்கள். கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். உள் லண்டனில் மட்டும் நிலம் ஒதுக்கும் கடமை கவுன்சில்களுக்கு இல்லை. ஏற்கனவே துண்டு வைத்திருப்பவர்கள், உங்கள் தோட்டம் 1925 சட்டக் காப்புக்குள் வருமா, தற்காலிகத் தோட்டமா என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகத் தோட்டத்துக்கு அந்தக் காப்பு கிடையாது.