முற்றத்து வீட்டில் ஒரு மைக்

புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் பக்கத்துத் தெரு. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் இன்னும் மிச்சமிருக்கிற பழைய தமிழ் வீடு. வாசலில் பலகை கிடையாது. செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து குரல் வந்தது: "ஃபேனை நிறுத்திட்டேன் சார். வேர்க்கும், பரவாயில்லையா?"

கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் போடுகிற தம்பி அவர். வேலை இல்லாத நாட்களில் வீட்டு உள்ளறையில் குரல் பதிகிறார். மாதா பாடல்கள், யூடியூப் கதைகள், எப்போதாவது ஒரு விளம்பரம். அன்றைக்கு அவருடைய ஆயாவின் தாலாட்டு.

நான் போனதற்கு வேறு காரணமும் உண்டு. ஷூர் எஸ்எம்7பி மைக் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தேன். 1982இல் வந்த 'திரில்லர்' ஆல்பத்தில் மைக்கேல் ஜாக்சன் பாடிய எஸ்எம்7இன் வாரிசு அது. என்னிடமிருந்த சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகினால், கெயின் குமிழைக் கடைசிவரை திருகியும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கூடவே, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஓர் இரைச்சல். மைக் பழுது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

தம்பி மைக்கைத் தொடவேயில்லை. இன்டர்ஃபேஸ் பெட்டியின் மாடல் எண்ணைப் போனில் தேடினார். "இதோட ப்ரீஆம்ப் அம்பத்தாறு டெசிபல்தான் தருது சார். இந்த மைக்குக்கு அறுபதாவது வேணும்."

கணக்கு அவ்வளவுதான். 94 டெசிபல் சத்தத்துக்கே எஸ்எம்7பி தருவது சுமார் 1.1 மில்லிவோல்ட். அதே சத்தத்துக்கு ரோட் என்டி1 மாதிரியான கண்டென்சர் மைக் 35 மில்லிவோல்ட் தரும். முப்பது மடங்குக்கு மேல். 60 டெசிபல் கெயின் என்றால் வந்ததை ஆயிரம் மடங்கு பெருக்குவது. மலிவான ப்ரீஆம்பைக் கடைசிவரை முடுக்கும்போது அதன் சொந்த இரைச்சலும் சேர்ந்து மேலே வரும். எனக்குக் கேட்டது அதுதான்.

"அப்போ கண்டென்சரே வாங்கியிருக்கணுமா?"

பதில் சொல்லாமல் முற்றத்தில் இறங்கி ஒருமுறை கைதட்டினார். வீடு திருப்பித் தட்டியது. உயரமான மெட்ராஸ் டெரஸ் கூரை, வழுவழுப்பான சுவர், காரைத் தரை. தள்ளி நின்று பாடினால் காக்கையும் குக்கர் விசிலும் சேர்ந்தே பதியும். இப்படிப்பட்ட வீட்டில் வாயோடு ஒட்டிப் பேசத் தோதான, எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்தான் நல்லது என்பது அவர் கட்சி. கெயின் போதாவிட்டால், 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரத்தில் ஓடுகிற கிளவுட்லிஃப்டர் போன்ற சின்னப் பெட்டியை நடுவில் போட்டால் 25 டெசிபல் கூடும். அதை மாட்டிக் காட்டினார். தோசைக்கல் அடங்கிவிட்டது. (பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் ஃபான்டம் பொத்தானைத் தொடுமுன் கேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரிங் பிசகினால் உள்ளே இருக்கிற அலுமினிய நாடா போய்விடலாம்.)

ஆனால் ஆயா வந்ததும் எல்லாம் மாறியது. எண்பதைத் தாண்டியவர். மைக்கோடு வாயை ஒட்டி வைக்கச் சொன்னால், "மொகத்துல இடிக்குதுடா" என்று தள்ளிவிட்டார். பாடும்போது மடியில் பிள்ளை இருப்பது போலவே உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. குரலோ மெல்லிசு.

தம்பி எவர்சில்வர் டப்பா ஒன்றைத் திறந்தார். அரிசி டப்பாதான், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், நடுவே கண்டென்சர் மைக். கடற்காற்றின் ஈரம் ஏறினால் இந்த வகை மைக் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் போடும் என்பதால் இந்தக் குடித்தனம். உள்ளறைச் சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்தார். மைக்கை ஆயாவுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பெட்டியைக் கொடுங்க சார்" என்றார்.

எஸ்எம்7பிக்குக் கெயின் போதாத அதே இன்டர்ஃபேஸ். குமிழ் பாதியைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றது. ஹெட்போனில் ஆயா மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இரைச்சல் இல்லை.

மைக் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் தங்கள் இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். செருகிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.