அந்தியிற் கண்ட சாந்திவனம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூருக்குச் செல்லும் பெருந்தெரு காவேரியின் தென்கரையை ஒட்டியே போகின்றது. இருமருங்கும் வாழைத் தோட்டங்கள் தொடர்ந்து வரும் அவ்வழியில் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் சென்றால் குளித்தலை என்னும் ஊரை அடையலாம். சைவ அன்பர்களுக்கு இவ்வூர் புதியதன்று. தேவாரம் பெற்ற கடம்பந்துறை இதுவே. காலையிற் குளித்தலைக் கடம்பரையும், உச்சிப் பொழுதில் ஐயர்மலைப் பெருமானையும், அந்தியில் அக்கரையிலுள்ள திருவீங்கோய்மலை நாதரையும் ஒரே நாளில் வழிபடுதல் பெரும் பேறு என்பது இப்பகுதி மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. கல்லூரி விடுமுறையில் நாமும் இந்த யாத்திரையை மேற்கொண்டோம். ஆனால், மூன்றாவது கோயிலை நாம் தரிசிக்கவில்லை. அதற்குக் காரணமாயமைந்த இடத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

கோயில்களை எண்ணி மட்டுமே சென்றோம் என்று கூறினால் அது முழு உண்மையாகாது. எமது கைப்பையில் ஒரு புத்தகம் இருந்தது. அது எமது தமையனாருடையது. நாம் பத்து வயதுச் சிறுவனாயிருந்த காலத்தில், பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வீடு திரும்பிய அவர், தாம் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராகிவிட்ட செய்தியைத் தந்தையாரிடம் கூறினார். நாவலர் வழியில் ஊறிய சைவர் எமது தந்தையார். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. நீறிடாத அந்த நெற்றியை ஒருமுறை பார்த்தார். "இந்த நெற்றியோடு இனி இந்த வாசற்படி மிதிக்காதே" என்றார். அவ்வளவுதான். அதன்பின் தமையனார் கொழும்பிலேயே வாழ்ந்தார். அம்மா எழுதும் கடிதங்களுக்குள் மாத்திரம் சிறு பொட்டலமாகத் திருநீறு போகும். சென்ற ஆண்டு தமையனார் காலமானார். அவருடைய நூல்கள் எமக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, அபிஷிக்தானந்தர் என்னும் பிரெஞ்சுத் துறவி அருணாசலத்தைப் பற்றி எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதனுள் இருந்த கடதாசித் துண்டில், 'சாந்திவனம், ஒருமுறை போகவேண்டும்' என்று எழுதியிருந்தார். அவர் போகவில்லை.

ஐயர்மலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கிய களைப்போடு, பிற்பகலில் ஓர் ஆட்டோவில் தண்ணீர்ப்பள்ளிக்குச் சென்றோம். குளித்தலைக்கு மிக அண்மையிலுள்ள சிற்றூர் அது. ஆற்றங்கரையோரம் மரங்கள் அடர்ந்த தோப்பு. வாயிலில் சிறு கோபுரம். அதன்மேல் மூன்று முகங்கொண்ட திருவுருவம். சிவாலயமோ என்று கை குவிக்கப் போன நாம், அது கிறிஸ்தவரின் திரியேக கடவுளைக் குறிப்பது என்று உணர்ந்ததும் கையைத் தாழ்த்திக்கொண்டோம்.

உண்மையைச் சொன்னால், அப்பொழுது எமக்கு வந்தது கோபமே. காவி உடை, தரையில் அமர்ந்துண்ணும் சைவ உணவு, கருவறை இருண்ட கோயில், கர்ப்பூர ஆராத்தி, சச்சிதானந்த ஆச்சிரமம் என்னும் பெயர், இவையனைத்தும் எவருடையவை? 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து காவியுடுத்த றொபேட் தெ நொபிலி பாதிரியாரின் கதையை நாம் மறக்கவில்லை. பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், அந்நூலைத் துருவிக் கற்றும் சைவராகவே நின்று, சைவப் பிரசாரத்தில் முனைந்ததையும் யாழ்ப்பாணத்தவர் எவரும் மறப்பதற்கில்லை. மீனுக்குப் பிடித்த இரையைத் தூண்டிலிற் கோப்பது போன்றதன்றோ இது என்று எண்ணினோம். இவ்வையம் எமக்கு மாத்திரம் தோன்றியதன்று. 1980களின் பிற்பகுதியில் இந்த ஆச்சிரமத்தைக் குறித்து இந்தியப் பத்திரிகைகளிற் காரசாரமான கடிதப் போரே நடந்தது. மறுபுறம், இவர்கள் இந்துக்களாகிவிட்டார்கள் என்று கத்தோலிக்கருட் சிலரும் குறைகூறினர்.

ஆயினும், இவ்விடத்தைத் தொடங்கிய இருவரின் வரலாற்றை அறிந்தவர்கள் தூண்டில் என்ற சொல்லைச் சற்று யோசித்தே பயன்படுத்துவார்கள்.

முதல்வர் ஜூல்ஸ் மொன்சானின். பிரான்சிலே லியோன் நகரைச் சேர்ந்த குருவானவர், பெரும் படிப்பாளி. 1939இல் இந்தியாவுக்கு வந்து, திருச்சி மறைமாவட்டத்தின் சிற்றூர்களிற் பத்தாண்டுகள் பங்குப் பணியாற்றினார். மற்றவர் ஹென்றி லெ சோ. பிறித்தானி என்னும் கடலோர மாகாணத்திற் பிறந்து, 19ஆம் வயதில் பெனடிக்ற் சபை மடத்திற் சேர்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர். 1948இல் அவரும் தமிழகம் வந்தார். இருவருமாக 1950 மார்ச் 21ஆந் திகதி இத்தோப்பில் எளிய குடில்களை அமைத்து ஆச்சிரமத்தைத் தொடங்கினர். மொன்சானின் பரம அரூபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தேசுவரானந்தம் என்றும் பெயர் சூடினர். பின்னவர் பெயரே அபிஷிக்தானந்தர் எனச் சுருங்கிற்று. சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்றும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகியோரைக் குறிக்கும் என்பது அவர்கள் கருத்து. வங்காளத்துப் பிரமபாந்தவ உபாத்தியாயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இக்கருத்தை வடமொழிப் பாடலொன்றில் அமைத்திருந்தார்.

சீடர்கள் திரள்வார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். எவரும் நிலைக்கவில்லை. வந்தவர்களும் போய்விட்டனர். ஆள் பிடிக்கும் வலை என்றால், அவ்வளவு காலம் வெறுமையாகக் கிடந்த வலையை நாம் கேள்விப்பட்டதில்லை.

நடந்தது வேறொன்று. ஆச்சிரமம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டின் ஜனவரியில் இருவரும் திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியைத் தரிசித்தனர். மகரிஷியின் மௌனம் லெ சோவைப் பற்றிக்கொண்டது. பின்னர் அவர் திரும்பத் திரும்ப அருணாசலத்துக் குகைகளுக்குச் சென்று வாரக்கணக்கில் தனித்திருந்தார். 1955இல் திருக்கோயிலூர்த் தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைக் கண்டு அவரைக் குருவாகவே ஏற்றார். கிறிஸ்துவை இந்தியாவுக்குக் கொண்டுவர வந்தவர், தம் நெஞ்சின் அடியில் 'நான்', 'நீ' என்ற வேறுபாடே கரைவதைக் கண்டு திகைத்தார். அங்ஙனமாயின் இயேசு பெருமான் யாரைப் பிதாவே என்று அழைத்தார்? செபிப்பவன் யார், கேட்பவர் யார்? இவ்வினா அவரைப் பல்லாண்டுகள் வாட்டியது. அவர் மறைந்தபின் வெளிவந்த நாட்குறிப்பு இதற்குச் சான்று. மொன்சானினோ அத்துவைதத்தின் ஈர்ப்பைக் கண்டு அஞ்சினார். இரண்டையும் எளிதில் இணைத்துவிட முடியாது என்று கருதினார். ஒரே தோப்பில், ஒரே பூசையில் நின்ற இரு நண்பர்கள் உள்ளத்தால் விலகிச் சென்றனர். 1957இல் மொன்சானின் பாரிசு மாநகரிற் காலமானார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆன்மா இறைவனோடு ஒன்றாகியும் இறைவனேயாகிவிடாமல் அவனை நுகர்ந்து நிற்கும் என்பது சைவ சித்தாந்தம். அன்பு செய்பவனும் அன்பு செய்யப்படுபவனும் கரைந்தழியாத அந்த அத்துவித விளக்கத்தை வகுத்த மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர், திருக்கோயிலூருக்கு மிக அண்மையிலேயே உள்ளது. மேல்நாட்டறிஞர்கள் பலரும் வேதாந்தம் என்றவுடன் சங்கரரையே தேடிச் செல்கின்றனர். பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதில்லை. திருவாசகத்தை 1900ஆம் ஆண்டில் ஆங்கிலத்திற் பெயர்த்த போப்பையர் ஓரளவு எட்டிப் பார்த்தார். லெ சோவின் வினாவிற்குச் சித்தாந்தத்தில் விடை இருந்திருக்கலாம் என்பது எமது எண்ணம். சைவ ஆசிரியனின் பெருமிதம் என்று நேயர்கள் இதனைப் பொறுத்தருள்க.

1968இல் லெ சோ இமயமலைச் சாரலுக்கே போய்விட்டார். கேரளத்துக் குரிசுமலை ஆச்சிரமத்திலிருந்து வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் சாந்திவனத்தை ஏற்றார். அதற்குமுன், வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்திருந்தது. 1969இல் தரையில் அமர்தல், ஆராத்தி முதலிய பன்னிரண்டு இந்திய வழக்கங்களுக்கு றோமாபுரி அனுமதியளித்தது. கிரிபித்ஸ் காலத்தில் உலகெங்கணுமிருந்து ஆட்கள் வந்தனர். 1993இல் அவர் இங்கேயே காலமானார். சமாதியும் இங்கேயே இருக்கின்றது.

மாலை மங்கியது. வழிபாட்டுக்கு மணி அடித்தது. ஐந்தாறு துறவிகள், வெளிநாட்டார் சிலர், ஊர்ப் பெண்கள் இருவர். தமிழிலும் வடமொழியிலும் பாடல்கள். உபநிடதத்திலிருந்து ஒரு பகுதி, பின்னர் நற்செய்தியிலிருந்து ஒரு பகுதி. அதன்பின் ஒரு துறவி சிறு தட்டை ஏந்தி வந்தார். காலையிற் சந்தனம், நண்பகலிற் குங்குமம், மாலையில் திருநீறு என்பது இங்குள்ள வழக்கம் என்று பின்னர் அறிந்தோம். அப்பொழுது அறியோம். தட்டில் நீற்றைக் கண்டதும் நெஞ்சு ஒரு கணம் நின்றது போலாயிற்று. எந்த நீறு இல்லையென்று எங்கள் வீடு இரண்டாகப் பிளந்ததோ, அந்த நீறு கிறிஸ்துவின் சந்நிதியில் எம்முன் நீட்டப்பட்டது.

எமக்குமுன் இருந்தவர்கள் ஒற்றை விரலால் தொட்டுப் புருவ நடுவில் வைத்துக்கொண்டனர். நாம் சற்றுத் தயங்கினோம். தந்தையாரின் முகம் நினைவுக்கு வந்தது. தட்டு அசையாமல் நின்றது. பிறகு மூன்று விரல்களால் எடுத்து, பழகிய கையின்படியே நெற்றி நிறையப் பூசினோம்.

வழிபாடு முடிந்தபின் அத்துறவியை அணுகி, "சுவாமி, இது எங்கள் பெருமானின் சின்னமல்லவா? இதை நீங்கள் எடுத்துக்கொண்டது எப்படி?" என்று கேட்டோம். கேள்வியில் கடுமை இருந்திருக்கவேண்டும்.

அவர் முகம் வாடவில்லை. "ஐயா, சாம்பற் புதன் என்று எங்களுக்கும் ஒரு நாள் உண்டு. வருஷத்தில் ஒருநாள் சாம்பல் பூசி, மண்ணாய்ப் போகிறவர்கள் நாம் என்று நினைத்துக்கொள்வோம். இங்கே அதைத் தினமும் செய்கிறோம். உங்களிடம் கற்றதுதான்" என்றார்.

"லெ சோ சுவாமிக்கு விடை கிடைத்ததா?"

"பல வருஷம் கிடைக்கவில்லை. ஆனால் பூசையையும் விடவில்லை, உபநிடதத்தையும் விடவில்லை. 1973இல் ரிஷிகேசத்துத் தெருவில் மாரடைப்பு வந்து விழுந்தார். அதை ஒரு பெரிய விழிப்பு என்றே நண்பர்களுக்கு எழுதினார். அந்த டிசம்பரில் இந்தூரில் போய்ச் சேர்ந்தார். நீங்கள் யாரையாவது நினைத்துக்கொண்டு வந்தீர்களா, ஐயா?"

தமையனாரின் பெயரைச் சொன்னோம். நாளைக் காலைப் பூசையில் நினைத்துக்கொள்வதாகச் சொல்லி, அதனை ஒரு சிறு கொப்பியில் எழுதிக்கொண்டார். அம்மாவுக்கென்று ஒரு கடதாசியில் அந்த நீற்றிற் சிறிது மடித்துத் தரும்படி கேட்டோம், மடித்துத் தந்தார்.

வெளியே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. ஆட்டோக்காரர் காத்திருந்தார். எமது நெற்றியைப் பார்த்துவிட்டு, "ஈங்கோய்மலைக்குப் போய் வந்துட்டீங்களா, சார்?" என்று கேட்டார். இல்லை, நாளைக் காலையிற் போகலாமா என்றோம். அவர் தலையை ஆட்டினார். காலையிற் போனாற் கணக்கில் வராதாம். மறுபடியும் கடம்பரிலிருந்தே தொடங்கவேண்டுமாம்.