மரக்கைக் கேப்டனின் புட்டி

ஒயின் ருசி அறியாதவனுக்குப் புட்டியில் மிஞ்சுவது லேபிள்தான். எண்ணெய் டின்னிலிருந்து இருமல் மருந்து வரை எதன் முதுகையும் விடாமல் வாசிக்கிற ரகம் நான். பிரெஞ்சு ஒயின் லேபிள்கள் இந்த வியாதிக்கு நல்ல தீனி. அவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது, தெற்கு பிரான்சின் புய்லூபியே கிராமத்து ஒயின். தோட்டத்தின் பெயர் கேப்டன் தான்ஜூ. அங்கே கொடியை வெட்டிவிடுகிறவர்களில் பலர் பிரெஞ்சு ராணுவத்தின் வெளிநாட்டார் படையான ஃபாரின் லீஜியனின் ஓய்வுபெற்ற சிப்பாய்கள்.

ஓவியர் செசான் திரும்பத் திரும்ப வரைந்தும் ஆசை தீராத சேன்ட் விக்துவார் மலையின் தெற்கு அடிவாரம் அது. இந்தோசீனப் போரிலிருந்து உடைந்து திரும்பியவர்களுக்காக, லீஜியன் 1953இல் இந்த நிலத்தை வாங்கியது. லீஜியன்காரனுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிறந்த நாட்டை விட்டு ஓடிவந்தவன். திரும்பிப் போக வீடில்லை, போனாலும் வாசலில் யாரும் நிற்கப்போவதில்லை. ஆகவே முதியவர்களும் ஊனமுற்றவர்களும் இங்கேயே தங்குகிறார்கள். புத்தகம் பைண்டு செய்கிறார்கள், மண்பாண்டம் வனைகிறார்கள், சுமார் 40 ஹெக்டேர் திராட்சையைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒயின் விற்ற காசு அந்த இல்லத்துக்கே போகிறது. நம் ஊர் மிலிட்டரிக்காரர் கேன்டீன் ரம்மைக் கொண்டு எத்தனையோ காரியங்களைச் சாதித்திருக்கிறார். திராட்சை பயிரிடும் யோசனை மட்டும் அவருக்கு வரவில்லை.

சரி, தான்ஜூ யார்? 1853இல் அல்ஜீரியாவில் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து இடக்கையை இழந்தவர். மரத்தில் ஒரு கை செய்து மாட்டிக்கொண்டு படையிலேயே இருந்துவிட்டார். பத்து ஆண்டு கழித்து மெக்சிகோ. மூன்றாம் நெப்போலியன் கடன் வசூலிக்கிற சாக்கில் அங்கே படையை இறக்கி, ஒரு சக்கரவர்த்தியையும் நாற்காலி போட்டு உட்கார வைக்கக் கிளம்பியிருந்த காலம். அங்கே ஒரு நகரை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுப் படைக்குப் பணம் கொண்டுபோகும் வண்டிகளுக்கு வழிக்காவல் தேவை. மஞ்சள் காய்ச்சலில், காவலுக்குப் போகவேண்டிய லீஜியன் கம்பெனியின் அதிகாரிகள் எல்லோரும் படுத்திருந்ததால், நான் போகிறேன் என்று தான்ஜூ முன்வந்தார். 1863 ஏப்ரல் 30, கமரோன் என்ற இடத்தில் அவரும் இன்னும் 64 பேரும் ஏறக்குறைய 2,000 மெக்சிகோ வீரர்களிடம் சிக்கினார்கள். தண்ணீரும் தோட்டாவும் சுமந்த கோவேறு கழுதைகள் முதல் சத்தத்திலேயே ஓடிவிட்டன. கழுதைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அன்று அங்கே தெளிவாக யோசித்த ஜீவன்கள் அவைதாம்.

ஒரு பண்ணை வீட்டுச் சுவருக்குள் புகுந்துகொண்டு, வெயிலில், குடிக்கச் சொட்டுத் தண்ணீரில்லாமல் சுட்டார்கள். கேப்டனிடம் ஒரு புட்டி ஒயின் இருந்தது என்கிறார்கள். அதை ஆளுக்குச் சில துளியாகப் பங்கிட்டு, சரணடைவதில்லை என்று ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கினார். நண்பகலுக்கு முன்பே குண்டு பட்டுச் செத்தார். மிச்சம் இருந்தவர்கள் மாலை வரை தாக்குப்பிடித்தார்கள். கடைசி ஐந்து பேர் தோட்டா தீர்ந்ததும் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். அழைக்காத நாட்டில் இத்தனை வீரம் எதற்கு என்று மெக்சிகோக்காரர் கேட்டால் என்னிடம் பதிலில்லை. மரக்கை மட்டும் பின்னால் ஒரு பண்ணைக்காரரிடம் அகப்பட, லீஜியன் அதை விலை கொடுத்து வாங்கியது. இன்று அது மார்செய்ல் அருகே ஒபாஞ் தலைமையகத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று, ஒரு முன்னாள் வீரர் அதை ஏந்திவர, படை மரியாதை செய்கிறது.

எனக்கு இதைவிட வேடிக்கையாகப் படுவது வேறொன்று. பிரெஞ்சு ஒயின் சட்டத்தைப் போல் குலம் கோத்திரம் விசாரிக்கிற சட்டம் உலகத்திலேயே குறைவு. எந்தச் சரிவில் விளைந்தது, என்ன ரகம், ஹெக்டேருக்கு எத்தனை மகசூல் என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். சேன்ட் விக்துவார் என்ற பெயரை லேபிளில் போட்டுக்கொள்ளும் உரிமையே 2005இல்தான் இந்த வட்டாரத்துக்குக் கிடைத்தது. அடுத்த பள்ளத்தாக்குத் திராட்சை கலந்தால் மோசடி. லீஜியனின் வாசலிலோ நேர் எதிர். வந்தவனுக்குப் புதுப் பெயர், புதுப் பிறந்தநாள். நெடுங்காலம் இது எல்லோருக்கும் கட்டாயம். வெளிநாட்டாருக்கான படை என்பதால், சேர விரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் தங்களை பெல்ஜியத்தார் என்றோ சுவிஸ் என்றோ சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள். யாரும் துருவவில்லை. ஆக, ஊரையும் பேரையும் விட்டுவிட்டு வந்தவர்களின் கையால், ஊர் பேர் துல்லியமாகச் சொல்லியே தீரவேண்டிய பானம் தயாராகிறது!

பெயர் மாற்றிக்கொண்டு பிரான்சுக்குள் நுழைவது நமக்கும் புதிதல்ல. 1873இல் பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்குப் போய் வம்பில் மாட்டிய புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பின்னர் லப்போர்த் ஆனார். பிரெஞ்சு அரசின் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பலர் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறி, புதுக் குடும்பப் பெயரோடு வெளியே வந்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் பலர் பிரெஞ்சு ராணுவத்திலும் சேர்ந்தார்கள். சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால் புதுச்சேரியில் பென்ஷன் வருகிற வீடு. ஆனால் அவர்களுக்குத் திரும்பிவர ஒரு தெரு இருந்தது.

லீஜியனோ இறந்தவர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். 1962இல் அல்ஜீரியாவைக் காலி செய்தபோது அங்கிருந்த தன் பழைய தலைமையகமான சிதி பெல் அப்பெஸிலிருந்து மூன்று சவப்பெட்டிகளைத் தூக்கிவந்து புய்லூபியே கல்லறையில் புதைத்தார்கள்: ஒரு தளபதி, டென்மார்க்கின் இளவரசர் ஆகே, ஸிம்மர்மான் என்ற சாதாரணச் சிப்பாய். நியாயமாகப் பார்த்தால் லேபிளில் ஸிம்மர்மான் பெயரைத்தான் போட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மரக்கை இல்லாதவருக்கு அந்த யோகம் அமையவில்லை.

லீஜியனில் சாப்பாட்டுக்கு முன் ஒரு சடங்கு உண்டு. கோப்பையின் அடியில் சிறிதே ஒயின் ஊற்றி, எல்லோரும் ஒன்றாக எழுந்து ஒரே மடக்கில் விழுங்குவார்கள். பாலைவனத்துத் தூசியைக் கோப்பையிலிருந்து கழுவுவதாக ஐதீகம். பிறகு உட்கார்ந்து, தூசி எதுவும் இல்லாத கோப்பையைத் தாராளமாக நிரப்பிக்கொள்வார்கள்.