லொம்பார்ட் தெருவில் ஒரு வீடு

சான் பிரான்சிஸ்கோ மலைகளின் மேல் எழுந்த நகரம். சில தெருக்கள் ஏணி சாத்தி வைத்தாற்போல் நிமிர்ந்து நிற்கின்றன. பவல் தெருவிலிருந்து ஹைட் தெரு நோக்கிப் போகும் கேபிள் காரில் ஏறிக்கொண்டோம். அது முனகி முனகி ரஷ்யன் ஹில் உச்சியில் எம்மை இறக்கிவிட்டது. அங்கேதான் உலகமே படம் எடுக்கும் லொம்பார்ட் தெருவின் வளைந்த பகுதி தொடங்குகிறது. 1922இல் அமைத்த எட்டு வளைவுகள், சிவந்த கல் பதித்த பாதை, இடையெல்லாம் பூஞ்செடிகள். கார்கள் எறும்பு ஊர்வதுபோல் இறங்குகின்றன. தூரத்தே குடாவின் நீலம்.

வந்தவர்கள் பெரும்பாலும் படம் எடுத்ததும் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி நடந்தோம். நாங்கள் தேடிப்போன வீடு அங்கேதான் இருக்கிறது. ஆட்கள் குடியிருக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பது அழகல்ல. எதிர்ப்புற நடைபாதையில் சற்று நேரம் நின்றோம்.

1992இல் எம்.ரி.வி தொலைக்காட்சி 'த றியல் வேர்ல்ட்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. மேரி எல்லிஸ் புனிம், ஜொனதன் மறி என்ற இருவரின் யோசனை அது. ஒருவரையொருவர் அறியாத ஏழு இளையவர்களை ஒரு புது நகரத்தில், ஒரே வீட்டில் குடியமர்த்தி, அவர்கள் கதைப்பதையும் சண்டை பிடிப்பதையும் படமாக்குவது. முதலாவது தொடர் நியூயோர்க்கில் நடந்தது. இன்று உலகெங்கும் ஓடும் இவ்வகை நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி. மூன்றாவது தொடருக்கு 1994இல் வாடகைக்கு எடுத்த வீடுதான் லொம்பார்ட் தெருவில் உள்ளது.

ஏழு பேர் ஒரு வீட்டில் என்றதும் எம்மவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோ சென்ற் ஜேம்ஸ் ரவுனில் ஓர் அறை வீட்டில் எத்தனை பேர் இருந்தோம்! இரவு வேலைக்காரன் எழும்பிப் போன மெத்தையில் பகல் வேலைக்காரன் வந்து படுப்பான். சமையல் முறை வைத்து நடக்கும். வாடகையைப் பங்கு போட்டோம். எங்களை யாரும் படம் பிடிக்கவில்லை. நாங்களும் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஊரில் யார் செத்தார், யார் பிடிபட்டார் என்பதைக்கூடப் போர்வைக்குள் வைத்து அழுதவர்கள் உண்டு.

அந்த வீட்டின் ஏழு பேரில் ஒருவர் பெட்ரோ ஸமோரா. மற்றவர்களுக்கு அது முதலாவது புது வாழ்க்கையாக இருந்திருக்கலாம். பெட்ரோவோ எட்டு வயதிலேயே ஒரு முறை எல்லாவற்றையும் விட்டு வந்தவர். 1980இல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் வள்ளங்களில் புளோரிடாவுக்கு வந்தார்கள். அவர்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. ஆனால் முழுக் குடும்பமும் வரவில்லை. மூத்த அண்ணன்மார் இராணுவச் சேவைக்குரிய வயதை நெருங்கிவிட்டார்கள் என்று அதிகாரிகள் மறித்துவிட்டார்கள். அவருடைய 13ஆவது வயதில் தாயார் புற்றுநோயால் இறந்தார். 17ஆவது வயதில் தமக்கு எச்.ஐ.வி தொற்றியிருப்பதை அறிந்தார்.

அவர் ஒளித்து வைக்கவில்லை. பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொன்னார். 1993இல் அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சியம் அளித்தார். லொம்பார்ட் தெரு வீட்டுக்கு வந்ததும், தம்மைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை ஒட்டிய அல்பத்தைக் காட்டி, கூட இருந்தவர்களிடம் நோயைச் சொன்னார். அவர்களில் மருத்துவ மாணவி பாம் லிங், கேலிச்சித்திரக்காரர் ஜட் வினிக் இருவரும் கடைசிவரை அவருக்கு உறவாயினர். தம் அன்புக்குரிய ஷோன் சாஸருடன் பெட்ரோ மோதிரம் மாற்றிக்கொண்டதும் அந்த வீட்டில்தான். எயிட்ஸ் என்றால் ஒரே கோப்பையில் குடிக்கவும் அஞ்சிய காலம் அது. அவர் சாப்பிடுவதையும் சிரிப்பதையும் கோபிப்பதையும் பார்த்த பல வீடுகளில் அந்த அச்சம் தளர்ந்தது.

தொடரின் கடைசிப் பகுதி 1994 நவம்பர் 10ஆம் திகதி ஒளிபரப்பானது. மறுநாள் பெட்ரோ இறந்தார். வயது 22. நோயை அடக்கி வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல் பரவலானது. இரண்டே வருட இடைவெளி.

அவருடைய கடைசி மாதங்களில்தான், கியூபாவில் விடப்பட்ட உடன்பிறப்புகள் அமெரிக்கா வர அனுமதி கிடைத்தது. பதினான்கு வருடங்களுக்குப் பிறகு குடும்பம் ஒன்றுசேர்ந்தது ஒரு கட்டிலைச் சுற்றி. இதை எம்மவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஸ்பொன்சர் கடிதத்துக்காகக் காத்திருந்த தாய் தகப்பனை நாங்கள் அறிவோம். செத்த வீட்டுக்குத்தான் விசா கிடைத்த அண்ணன்மாரையும் அறிவோம்.

நகரின் மேற்கே கோல்டன் கேற் பூங்காவில் எயிட்ஸ் நோயால் இறந்தவர்களுக்கான நினைவுச் சோலை இருக்கிறது. மறுநாள் அங்கே போனோம். மரங்களும் கற்களும் அமைதியும். கற்களில் பெயர்கள். வாசித்துக்கொண்டே நடந்தோம்.

சான் பிரான்சிஸ்கோ போகும் வாசகர்கள் வளைந்த தெருவைப் பார்த்தபின் இன்னும் கொஞ்சத் தூரம் கீழே நடவுங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு, வள்ளத்தில் வந்த ஓர் அகதிப் பையன் இங்கே இருந்தான், தன் வருத்தத்தை வாய்விட்டுச் சொன்னான் என்று சொல்லுங்கள். அவர்களும் எங்களிடம் எதையாவது சொல்ல நினைத்திருக்கக்கூடும்.