பள்ளிக்கு எவ்வளவு தூரம்?



சிம்பாங் ரெங்கத்தில் ஒற்றை மாடி வரிசை வீடொன்றை நான் வாங்க முனைந்தபோது, விற்பனை முகவர் சுற்றுவட்டார வசதிகளை விரல்விட்டு எண்ணினார். வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கு எளிதில் போகலாம். கிளினிக், கடைத்தெரு, இரவுச் சந்தை யாவும் பக்கம். தேசியப் பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே போய்விடலாம் என்றார். நானும் கூரை, குழாய், வடிகால் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டறிந்தேன். தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் சம்பளம் வாங்கும் ஆசிரியன் நான்! வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அக்கேள்வி தோன்றாமற் போனதில் வியப்பில்லை. அங்கே லயத்து வீடு, கோயில், ஆயாக் கொட்டகை, பள்ளி எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அதனால்தான் நம் பள்ளிகள் பலவும் தோட்டங்களில் பிறந்தன. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நம்மவர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1957இல் எண்ணூறுக்கும் மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. அவற்றுள் பல இன்னும் செம்பனைகளுக்கு நடுவிலேயே நிற்கின்றன. வீடு இடம்பெயர்ந்தது, பள்ளி பெயரவில்லை.

2019இல் பெனுட் ஆற்று நீரில் அம்மோனியா மிகுந்து, எங்கள் வட்டாரத்தில் குழாய்கள் வறண்டன. தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் வாளியும் தோம்புமாய் வரிசையில் நின்றோம். வேலிக்கு அப்பால் யார் இருக்கிறார் என்றறியாமல் வாழ்ந்தவர்கள், தோட்டத்துப் பொதுக்குழாயடியில் பேசுவதைப்போல் பேசத் தொடங்கினோம்.

அடுத்த தெருத் தாய் ஒருவர் சொன்னார்: "ரெண்டு பிள்ளைக்கும் வேன் காசு கட்டுப்படியாகல சார். அடுத்த வருசம் பக்கத்துப் பள்ளியிலேயே போட்டுடலாம்னு இருக்கோம்."

மொழிப்பற்றைப் பற்றிப் பேச வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். வேன் கட்டணத்துக்கு அது விடையாகாது. அவருடைய பிள்ளைகள் பயில்வது நான் பணிபுரியும் பள்ளியில்தான். அவர்கள் வீட்டைக் கடந்துதான் நாள்தோறும் என் கார் போகிறது, பின்னிருக்கை காலியாக! மறுநாள் முதல் அவ்விருவரும் என்னுடன் வந்தனர். வரிசையில் நின்ற மற்றப் பெற்றோர் ஒன்றுகூடி, வெவ்வேறு வேன்களில் போய்வந்த பிள்ளைகளுக்கு ஒரே வேனைப் பேசி முடித்தனர், கட்டணமும் குறைந்தது.

அத்தாயின் பிள்ளைகள் இருவரும் ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளியிலேயே படித்து, இன்று இடைநிலைப் பள்ளியில் பயில்கின்றனர்.

பெற்றோர்களே, வீடு பார்க்கும்போது தமிழ்ப்பள்ளியின் தூரத்தையும் கேளுங்கள். அதே தாமானிலிருந்து யார் யார் அங்கே போகிறார்கள் என்றும் விசாரியுங்கள். ஆசிரியர்களே, வகுப்பு மாணவர்களின் முகவரிகளை ஒருமுறை தாமான் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒருவரையொருவர் அறியாத அண்டை வீட்டுப் பெற்றோர் அதில் தென்படுவர். அவர்களை அறிமுகப்படுத்தி வைப்பதும் நம் பணியே.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்